காளியம்மாள், கணவர் பெயர் கருப்பையா: மீமிசல் பக்கம் ஓர் அத்தையைத் தேடிப் போன கதை

இந்தப் பொங்கல் லீவில் நான் கிளம்பியது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை, ஆள் தேட. அதனால் இந்தப் பதிவில் கோட்டை, கோவில், கடற்கரை படங்கள் எதுவும் கிடையாது. உங்கள் வீட்டிலும் கல்யாணமாகிப் போன பிறகு காணாமல் போன ஒரு பெண்பிள்ளை இருந்து, அவளைத் தேடிப் போகும் எண்ணம் இருந்தால் இது உபயோகப்படும். நான் போன ஊரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். ஏன் என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

என்னை வீட்டில் சந்தேகப் பிராணி என்பார்கள். திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டுப் பழகியவள். அந்தப் புத்தியோடுதான் கிளம்பினேன்.

அப்பாவும் அம்மாவும் திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரில் தம்பி செந்திலோடு இருக்கிறார்கள். அப்பா எழுபதைத் தாண்டிவிட்டார். கண் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அவருக்கு ஒரே கவலை. "அக்கா செத்திருந்தா கோடி யாரு கொண்டு போயிருப்பா?" காலையில் காபி கொடுத்தாலும் இதே கேள்வி, மாத்திரை கொடுத்தாலும் இதே கேள்வி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால் அவள் மேல் போர்த்தும் புதுச்சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அதுதான் கோடி. அது வராமல் பெண்ணை எடுத்துக்கொண்டு போவது பிறந்த வீட்டுக்கு ஆயுசுக்கும் தலைகுனிவு.

அப்பாவின் ஒரே அக்கா காளியம்மாள், எனக்கு அத்தை. மீமிசலுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கருப்பையா என்பவருக்கு வாக்கப்பட்டுப் போனவள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஏதோ சண்டை, அதோடு போக்குவரத்து நின்றுவிட்டது. என்ன சண்டை என்று கேட்டால் அப்பா, சின்ன விஷயம்தான் என்பார். இடையில் ஒரு தடவை யாரையோ விட்டு விசாரித்தபோது, அந்த ஊரில் காளியம்மாள் என்று கருப்பையாவுக்குப் பெண்டாட்டி யாரும் இல்லை என்று பதில் வந்ததாம். அதிலிருந்துதான் அப்பாவுக்கு இந்தப் பயம்.

முதலில் காகிதங்களில் தேடினேன். அத்தை மூன்றாம் வகுப்பு வரை படித்த பள்ளியில், பழைய பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். அலமாரியைத் திறந்து பார்க்காமலேயே சொன்னதால் நான் நம்பவில்லை. அடுத்தது இருபது வருடத்துக்கும் மேல் பழைய வாக்காளர் பட்டியல். சமீபத்தில் எல்லாரும் ஃபோனும் கையுமாக உட்கார்ந்து தேடினோமே, அதுதான். ஆண்களைத் தேடுவது சுலபம். பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே அப்பா பெயர், பெரும்பாலும் ஒரே ஊர். பெண் என்றால் ஓர் ஊரில் தந்தை பெயரோடு இருப்பாள், பிறகு மறைந்துவிடுவாள், வேறோர் ஊரில் கணவர் பெயரோடு தலைகாட்டுவாள். இரண்டு பேரும் ஒருத்திதான் என்று சொல்ல நடுவில் எந்தக் காகிதமும் இருக்காது. அந்தக் காலக் கல்யாணத்தை யார் பதிவு செய்தார்கள்?

அந்த ஊர்ப் பட்டியலில் பக்கத்துக்குப் பத்து கருப்பையா. ஒரு வழியாக ஒரு வீட்டில் காளியம்மாள் என்ற பெயரைப் பார்த்ததும் துள்ளிவிட்டேன். ஆனால் அந்தக் காளியம்மாளுக்கு வயது எழுபத்தாறு, கணவர் பெயர் வேலு. அதே வீட்டில் கருப்பையா, தந்தை பெயர் வேலு. அதற்குக் கீழே லெட்சுமி, கணவர் பெயர் கருப்பையா, வயது ஐம்பது. அப்போது அத்தைக்கு என்ன வயது இருந்திருக்குமோ அதே வயது. என் அத்தை இருக்க வேண்டிய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். மனுஷன் இரண்டாம் தாரம் கட்டியிருக்கிறார், அத்தையை அடித்துத் துரத்தினாரோ, கொன்றே போட்டாரோ என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

பட்டியலைக் காட்டி செந்திலிடம் சொன்னேன். அவன் காட்டிய ஆர்வம்தான் எனக்கு ஆச்சரியம். எதற்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன், என் ஃபோனுக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டான், பவர் பேங்க் கொடுத்தான், பஸ் நேரமெல்லாம் விசாரித்து வைத்தான். வம்சாவளி ஒன்று போட்டு வைப்போம் அக்கா, ஆளைப் பார்த்தால் ஆதார் கார்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு வா, பெயர் சரியாக இருக்கும் என்றான். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். ஊரையே சந்தேகப்படுகிறவளுக்குக் கூடப் பிறந்தவன் மேல் மட்டும் வரவில்லை பாருங்கள்.

அப்பா ஒரு சேலை வாங்கிக் கொடுத்தார். அரக்குக் கலர், மஞ்சள் கரை. இருந்தால் உடுத்திக்கொள்ளட்டும் என்றார். இல்லாவிட்டால் என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

திருமயத்தில் காலை 6.40க்கு பஸ். புதுக்கோட்டை இருபது கிலோமீட்டர், இருபத்திரண்டு ரூபாய். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு அறந்தாங்கி பஸ், முப்பத்தொரு ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அறந்தாங்கியில் மீமிசலுக்கு எனக்கு டவுன் பஸ் கிடைத்தது, பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சும்மா கூட்டிக்கொண்டு போகிறார்களே, எங்கே இறக்கிவிடப் போகிறார்களோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மீமிசலில் இறங்கும்போது 10.15. காற்றில் கருவாட்டு வாசனை. பஸ் ஸ்டாப் ஓரத்திலேயே மீன் கூடைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

டீக்கடையில் ஊர்ப் பெயரைச் சொல்லி வழி கேட்டேன். வழி சொல்லவில்லை, கேள்விதான் வந்தது. குழு லோன் வசூலா என்றார் ஒருவர். இறால் பண்ணைக்கு இடம் பார்க்க வந்தீங்களா என்றார் இன்னொருவர். சொந்தக்காரர்களைத் தேடி வந்தேன் என்றதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய், ஆறு கிலோமீட்டர். ஏறுவதற்கு முன் வண்டி நம்பரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். டிரைவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் அறுவடை மிஷின் இறங்கியிருந்த வயல்கள். யாரைப் பார்க்க என்று கேட்டார். காளியம்மாள், கருப்பையா வீடு என்றேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நடந்துபோய்ப் புளியமரத்தடியில் நின்று யாருக்கோ ஃபோன் பேசினார். "என்னண்ணே, யாருக்கு?" என்றேன். "வீட்டுக்குங்க, சோத்துக்கு வர நேரமாகும்னு சொன்னேன்" என்றார். மணி பத்தே முக்கால்.

ஊர் எல்லையில் ஸ்கூட்டியைக் குறுக்கே போட்டு ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும், நைட்டிக்கு மேல் துண்டு. ஆட்டோக்காரர் என்னை அவளிடம் ஒப்படைப்பதுபோல வண்டியை அங்கேயே நிறுத்தினார். அவர் ஃபோன் பேசியது யாருக்கு என்று அப்போது புரிந்தது. அவள் பெயர் சுமதி என்றும், கருப்பையாவின் மருமகள் என்றும் பிறகுதான் தெரிந்தது.

"யாரத் தேடுறீங்க?"

"காளியம்மாளைங்க. கருப்பையா வீட்டுல."

"காளியம்மா செத்து இருவது வருசமாச்சு. நான் வாக்கப்பட்டு வந்த வருசமே தவறிட்டாங்க. போங்க."

அப்படியே ஆட்டோ படியில் உட்கார்ந்துவிட்டேன். பார்த்தே இராத ஒரு மனுஷிக்காக நடுரோட்டில் அழுவேன் என்று நினைத்ததே இல்லை. அழுதேன். அப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் மனதில் ஓடியது. அந்த நிலையிலும், அவர் கேட்பார் என்று தெரிந்ததால் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "கோடி யாருங்க கொண்டு வந்தா?"

சுமதிக்கு இது என்ன கேள்வி என்று இருந்திருக்க வேண்டும். "ஏன், அவுக தம்பிங்கதான். தொண்டிலேர்ந்து வேன் புடிச்சு வந்து போட்டாக."

அழுகை நின்றுவிட்டது. தொண்டியிலிருந்து எதற்கு வரும்? எங்களுக்குத் தொண்டியில் ஒரு சொந்தமும் கிடையாது. கோடி போட்டது தொண்டிக்காரர்கள் என்றால் செத்தது தொண்டியில் பிறந்த பெண். அப்படியென்றால் பட்டியலில் இருந்த எழுபத்தாறு வயதுக் காளியம்மாள் அவள்தான், கருப்பையாவின் தாய். "நாங்க தொண்டி இல்லீங்க, திருமயம் பக்கம்" என்றேன்.

சுமதியின் முகம் மாறியது. ஆட்டோக்காரர்தான் வாயை விட்டார். "அட, திருமயத்தாவையா தேடுறீங்க? அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான்."

கல்யாணமாகி வந்த பெண்ணை அந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊர்தான் பெயர். காளியம்மாள் என்றால் யாருக்கும் தெரியாது, திருமயத்தா என்றால் ஊருக்கே தெரியும். சுமதி ஆட்டோக்காரரை முறைத்த முறைப்பில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவள் மேல் சந்தேகம் இரட்டிப்பானது. உயிரோடு இருக்கும் மனுஷியை எதற்காக மறைக்கிறாள்?

அவளுக்கும் என் மேல் அதே அளவு இருந்தது. "கையெழுத்து வாங்க வந்திருந்தா இப்புடியே திரும்பிருங்க. எங்க மாமியா எதுலயும் கைநாட்டு வைக்காது" என்றாள். பையைத் திறந்து காட்டச் சொன்னாள். கோபம் வந்தாலும் திறந்தேன். தண்ணீர் பாட்டில், சேலை, பவர் பேங்க், பட்டியலின் பிரிண்ட் அவுட். அந்தத் தாளைக் கண்டதும் வெடுக்கென்று எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, படமும் பிடித்துக்கொண்டாள். ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டு வாசலில் ஆட்டுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள் அத்தை. அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது, அடையாள அட்டை எதுவும் தேவைப்படவில்லை. நான் இன்னார் மகள் தேவி என்றேன். அவள் என்னை வா என்று சொல்லவில்லை. இடது கைக் கட்டைவிரலை முன்னே நீட்டினாள்.

"எங்க வைக்கணும்?"

ஒன்றும் வேண்டாம் அத்தை, அப்பா உங்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார், சேலை கொடுத்துவிட்டார் என்று உளறினேன். சேலையை வாங்கினாள். மடிப்பைப் பிரித்தாள். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, முழுச் சேலையையும் வாசலில் விரித்து, நுனியைப் பிடித்து உதறினாள். ஆட்டுக்குட்டி பயந்து ஓடியது. உள்ளேயிருந்து எதுவும் விழவில்லை. மறுபக்கம் திருப்பி இன்னொரு தடவை உதறினாள்.

"போன தடவ ஒங்கப்பன் கொண்டாந்த சேலைக்குள்ள பத்திரம் இருந்துச்சு. அப்பா சொத்துல எனக்குப் பாத்தியதை இல்லன்னு. சேலையைக் குடுத்துட்டு, சும்மா ஒரு கைநாட்டு அக்கான்னான். சேலையையும் குடுத்து அனுப்பிட்டேன்."

அப்பா சொன்ன சின்ன விஷயம் இதுதான். நாற்பது வருடத்துக்கு மேலாக எனக்கு யாரும் சொல்லாதது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அதன் பிறகுதான் உள்ளே உட்காரச் சொன்னாள். கருப்பையா மாமா வயலுக்குப் போயிருந்தார். பெயர் விஷயத்தைக் கேட்டேன். மாமியாருக்கும் காளியம்மாள், வந்த மருமகளுக்கும் காளியம்மாள். புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்டால் பெற்ற தாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாகிவிடும், வைதால் தாயை வைததாகிவிடும். அதனால் வாசற்படி தாண்டியதுமே மாமியார், வீட்டுக்கு வந்த லெட்சுமி, லெட்சுமியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். ரேஷன் கார்டு, ஓட்டு, ஆதார் எல்லாம் அந்தப் பெயரில்தான். நான் கொலை வரைக்கும் யோசித்த அந்த இரண்டாம் தாரம் எனக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடம் இருந்த பெயர் ஒரு வார்த்தையில் போயிருக்கிறது. வருத்தமாக இல்லையா அத்தை என்றேன். யாரு கேட்டா என்றாள். சுமதிக்கே தன் மாமியாரின் பிறந்த பெயர் அன்றுதான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து செந்திலிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். தம்பிதான் என்று சொல்லிக்கொண்டே, என்ன இருக்கப்போகிறது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டுவிட்டேன். "அக்கா, ஆதார் எடுத்துட்டியா? காளியம்மாங்கிற லெட்சுமின்னு பத்திரத்துல போடணும்னா ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு ஆதாரம் வேணுமாம். ரோட்டோர எடத்துக்குப் பார்ட்டி ரெடியா இருக்கு."

காளியம்மாளும் லெட்சுமியும் ஒரே ஆள் என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை. முன்பு பட்டியலைக் காட்டியபோதே அவன் கண்டுபிடித்துவிட்டான், என்னை மட்டும் கொலையை நம்பவிட்டிருக்கிறான். சுமதி எழுந்துபோய் அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல், செந்திலுக்கு இனி என்னோடு பேசாதே என்று அனுப்பினேன். பிறகு அத்தையிடம் உள்ளதைச் சொன்னேன். எனக்கு இது தெரியாது, ஆனால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நானாக இருந்தால் நம்ப மாட்டேன் என்றேன். அவள் முதல்தடவையாகச் சிரித்தாள்.

"ஒங்கப்பனுக்குப் போடு" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அப்பாவுக்குக் காது மந்தம். யாரு, யாரு என்று கத்துவது எங்களுக்கே கேட்டது. அத்தை வழக்கம்போல லெட்சுமி என்றாள். எந்த லெட்சுமி என்றார் அப்பா. அத்தை சுவரில் மாட்டியிருந்த மாமியார் படத்தைப் பார்த்தாள். பொட்டு வைத்து, காய்ந்த மாலை போட்ட படம். ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கினாள். வாசலையும் தாண்டி, ஆட்டுக் கொட்டடி வரை போய் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

"நாந்தாண்டா, காளியம்மா."

அதற்குப் பிறகு அப்பா என்ன சொன்னார் என்று தெரியாது. அத்தை கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் அவள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "கோடிய அப்பறம் பாத்துக்கலாம். உசுரோட இருக்கேன், வந்து பாரு. வெறுங்கையா வா."

சுமதி மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். மூன்று மணிக்கு அதே ஆட்டோ வந்தது, திரும்பவும் நூற்றைம்பது. ராத்திரி எட்டுக்குள் திருமயம் வந்துவிட்டேன். காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பலாம், ஆனால் மீமிசலில் கடைசி பஸ் நேரத்தை ஒருவரிடம் கேட்டு நம்பாதீர்கள், மூன்று பேரிடம் கேளுங்கள். எனக்கு மூன்று நேரம் சொன்னார்கள், அதில் மிகச் சீக்கிரமானதை எடுத்துக்கொண்டேன்.

பெண்களைத் தேடிப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பிறந்த வீட்டில் வைத்த பெயரை மட்டும் வைத்துக்கொண்டு புகுந்த ஊரில் கேட்காதீர்கள், இந்தப் பக்கம் எந்த ஊரிலிருந்து வந்த பெண் என்று கேளுங்கள். பட்டியலில் அதே வீட்டில் வயது பொருந்தும் வேறு பெயர் இருந்தால், என்னைப் போலக் கொலைக்கேஸ் போடுவதற்கு முன் மாமியார் பெயரைப் பாருங்கள். இறந்துவிட்டார் என்று சொன்னால் கோடி எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். உங்களைச் சந்தேகமாகப் பார்த்தால் கோபப்படாதீர்கள். நாற்பது வருடம் கழித்து அத்தை நினைப்பு வருகிற வீட்டில் பெரும்பாலும் ஒரு பத்திரமும் தயாராக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். முக்கியமாகக் கையில் பேனாவோ தாளோ இல்லாமல் போங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். செந்தில் எங்கள் அம்மா மூலமாகத் தூது விட்டிருக்கிறான், தன் காரிலேயே கூட்டிப் போகிறானாம், அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அப்பா நேற்றே கடைக்குப் போய் இன்னொரு சேலை வாங்கி வைத்துவிட்டார், வெறுங்கையாக எப்படிப் போவது என்று கேட்கிறார். இப்போது அவர் அழுவது நிஜம்தான், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இருந்தாலும் கிளம்புவதற்கு முன் அந்தச் சேலையை ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பேன். அப்பாவின் சட்டைப் பையையும்.